சம்மந்திக்குக் குரல் கொடுத்த கதை

கிளியை வீட்டுக்குள் விட்டதே தப்பு என்பதில் தையலம்மாவுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. வாசல் மணி அடித்ததும் மகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே நல்ல மழை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, முன்னறைத் தரையெல்லாம் சொட்டவிட்டபடி, ஐம்பதைத் தாண்டிய ஒரு ஆள் உள்ளே வந்தான்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"யாருக்கு யாரு அண்ணி?"

கேட்டது அவனுக்குப் புரிந்திருக்காது. தையலம்மாவின் வாயில் அப்போது குண்டூசிகள் இருந்தன. ஜன்னலோரத் தையல் மிஷினில் உட்கார்ந்தால் அவளுக்கு உதட்டின் ஒரு ஓரம் ஊசிக்கு, மறு ஓரம் பேச்சுக்கு. மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு, பாதி திறந்த வாயிலிருந்து நாலே நாலு வார்த்தை வரும், அதிலும் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவாள். புருஷனுக்கும் மகளுக்கும் அது முழுசாகப் புரியும். கால்சட்டை உயரம் குறைக்க வருகிறவர்களுக்குப் பாதி புரியும். ஆனால் முக்கியமான விஷயம் என்றால் ஊசியோடு பேச மாட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் சின்ன மெத்தையில் குத்திவிட்டு, அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். "அம்மா ஊசியை எடுத்தா நாம எடத்தைக் காலி பண்ணிடணும்" என்பது மகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்ற பாடம்.

வந்தவனுக்குக் கிளி என்று பெயர் வைத்தவள் தையலம்மாதான். மேடைகளில் பெரிய மனிதர்கள் மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பது அவன் தொழில். பெரிய மனிதர்கள் என்று பெயர்தானே தவிர, அவனுக்கு உருப்படியாக வந்தது ஒரே ஒரு குரல், அவள் புருஷனுடைய குரல். "என் பொண்ணு கண் கலங்காம பாத்துக்கோங்க சம்மந்தி!" என்று கை இரண்டும் நடுங்க, தொண்டை தழுதழுக்க அவன் இழுத்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அவள் புருஷன் எந்தப் படத்திலும் அப்படி நடுங்கியதே இல்லை. ஆனால் யார் நம்புகிறார்கள்? ஒரு விழாவில் நாலு பேர் பிடித்துக்கொண்டு, "சார், அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கெஞ்ச, இவரும் சொன்னார். "அவர் சொல்ற மாதிரி இல்லையே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தையலம்மாவுக்கு மட்டும் அடிவயிறு எரிந்தது.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கும் வங்கிக்கும் தவிர யாருக்கும் அது தெரியாது. ஊருக்கெல்லாம் அவர் சம்மந்திதான். மீன் கடையில் சம்மந்தி, முடி வெட்டும் கடையில் சம்மந்தி, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரருக்கும் சம்மந்தி. அத்தனை படத்தில் பெண்ணைப் பெற்றவராக வந்திருக்கிறார். கதாநாயகர்கள் வந்தார்கள், தொப்பை போட்டார்கள், போனார்கள். இவர் அப்பனுக்கும் பெண் கொடுத்தார், பிறகு மகனுக்கும் பெண் கொடுத்தார். போஸ்டரில் அவர் முகம் வந்ததில்லை. வந்தாலும் பசை தடவுகிறவன் மடித்துவிடும் ஓரத்தில் வரும்.

அதற்கு முன்னால் நாடகக் குழு. அங்கே தையலம்மா உடை தைத்தாள், அவர் மூன்றாவது காவல்காரனாக ஈட்டி பிடித்தார். காவல்காரனுக்கு அடுத்தபடியாகப் பிணமாகப் பதவி உயர்வு கிடைத்தது. ஒரு நாடகத்தில் ஒரு அங்கம் முழுக்க அவர் நடுமேடையில் செத்துக் கிடக்க வேண்டும். கதாநாயகன் பக்கத்தில் நின்று பக்கம் பக்கமாகப் புலம்புவான். ஒரு நாள் ஒரு ஈ வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது, உதட்டுக்குப் போனது, கண்ணிமை மேல் நடந்தது. முன்வரிசை மொத்தமும் புலம்பலை விட்டுவிட்டு ஈயையே பார்த்தது. பிணம் அசையவில்லை. திரை விழுந்தபோது ஜனங்கள் பிணத்துக்குக் கை தட்டினார்கள். கதாநாயகன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஓரத்தில் ஊசியைக் கடித்துக்கொண்டு நின்ற தையலம்மா அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள், கட்டினால் இந்தப் பிணத்தைத்தான் கட்டுவது என்று.

அவர் தொழில் செய்கிற விதமே தனி. கண்ணாடி முன்னால் நின்று பழக மாட்டார். மனிதர்களிடமிருந்து எடுப்பார். மாமனாரின் இருமல் ஒரு படத்துக்குப் போனது. பஸ் கண்டக்டர் கம்பியில் சாய்கிற சாய்வு இன்னொன்றுக்கு. வீட்டுக்காரர் வாடகை வாங்கும்போது சிரிக்கிற சிரிப்பை வில்லனின் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்தார், அந்த வீட்டுக்காரரே படம் பார்த்துவிட்டு, "எவ்வளவு கேடுகெட்ட சிரிப்பு!" என்று வியந்தார். பார்க்கிற ஆள் உள்ளே போய், நடிக்கிற ஆளாக வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று கூடவே படுத்து எழுந்த தையலம்மாவுக்கே தெரியாது.

ஒரே ஒரு தடவை அவர் வாயை விட்டார். தையலம்மாவின் அண்ணன் சாப்பிடும்போது இடது கையைத் தட்டைச் சுற்றி அணை கட்டி வைத்துக்கொள்வார், யாரோ பிடுங்க வருகிற மாதிரி. சின்ன வயசுப் பசி அப்படி. வேலை போன தகப்பனாக நடித்த படத்தில் இவர் அப்படிச் சாப்பிட்டார். தியேட்டரே அழுதது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் மச்சானிடம், "அது நீங்கதான்!" என்று சொல்லிவிட்டார். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்றையிலிருந்து அவரால் நாலு பேர் எதிரில் சாப்பிட முடியவில்லை. கை எங்கே போகிறது என்று கையையே பார்ப்பார். சாப்பாட்டு நேரத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அப்போது தையலம்மா ஊசியை எடுத்தாள்.

"யாரை வேணும்னாலும் எடுங்க. யாருன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க. சொல்லிட்டா அந்த மனுஷன் அப்புறம் அந்த மனுஷனா இருக்க முடியல."

அவர் தலையாட்டினார். அதற்கப்புறம் அடித்துக் கேட்டாலும் சொன்னதில்லை.

எப்போதோ ஒரு மத்தியானம் அவளே விளையாட்டாகக் கேட்டாள், "ஊர்ல எல்லார்கிட்டயும் எடுத்தாச்சு. என்கிட்ட ஒண்ணுமே எடுத்துக்கலையா?" அவர் செய்தித்தாளை இறக்கி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "உன்கிட்ட எடுக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி தாளைத் தூக்கிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அங்கேயே முடிந்துவிட்டது. அவளுக்கு அது தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக இத்தனை வருஷமும் இருக்கிறது. அவள் முகத்தில் எடுக்க ஒன்றுமில்லையா? நடையில்? கூடவே வாழ்ந்தவளிடம் ஒரு இருமல்கூடவா தேறவில்லை?

இப்போது இருமலுக்கே வழியில்லை. தொண்டைக்குள் எதுவோ வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கத்தி வைத்து எடுத்தார்கள். உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், குரலை வைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் எழுதிப் பேச ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். அவர் அதைத் தேநீர்க் கோப்பை வைக்கிற தட்டாக்கிவிட்டார். எழுத்தெல்லாம் அவருக்கு வேண்டாம். புருவத்தை ஒரு பக்கம் தூக்கினால் சர்க்கரை, இரண்டு பக்கமும் தூக்கினால் பால்.

வினை எங்கே வந்தது என்றால், அந்தப் படத்தில் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பெயர் முதலில் வருகிற படம். ஒரு சின்ன வயசு டைரக்டர் பெண் வீடு தேடி வந்து, "சார், நீங்கதான் ஹீரோ" என்றபோது, "ஹீரோவுக்கு மாமனார் யாரு?" என்று கேட்டவர் அவர். ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆபரேட்டர் வேஷம். கோபித்துக்கொண்டு போன மகள் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள், அதுதான் கதை. தகரக் கூரை போட்ட பழைய கட்டடத்தில் படம் பிடித்தார்கள். படம் பிடித்த நாளெல்லாம் மழை. அவர் பேசியது முக்கால்வாசி தகரத்துச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. "பரவால்ல சார், டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்கள். டப்பிங் வருவதற்குள் தொண்டை போய்விட்டது.

தயாரிப்பாளர் வேறு ஆள் பார்த்து வைத்திருந்தார். விளம்பரங்களில் பேசுகிற வெண்கலக் குரல். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேற வழி கிடைக்கலன்னா அவர்தான் சார்" என்று டைரக்டர் பெண் இந்த முன்னறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். இத்தனை காலம் உழைத்துப் பெயர் முதலில் வருகிறபோது, முகம் இவருடையது, வாய் யாருடையதோ. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். முழங்கையை மடக்கிச் சிறகு மாதிரி இரண்டு தடவை அடித்தார். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

மகளுக்குப் புரிந்தது. தையலம்மாவுக்கும் புரிந்தது.

"கிளியா? உங்களை மேடை மேடையா அழவெச்சு வயித்தைக் கழுவற ஆளா? அவனா?"

அவர் தலையாட்டினார். கையை விரித்தார். என் குரல் அவனிடம்தான் இருக்கிறது, வேறு எங்கே போய்க் கேட்பது?

அப்படித்தான் கிளி குடையோடு வந்து சேர்ந்தான்.

வந்தவன் சம்மந்தியின் காலைத் தொடப் போனான், அவர் அவன் காதைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். டைரக்டர் பெண் அனுப்பிய காட்சி அவன் போனில் இருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகினான். தையலம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. புருஷன் படத்தை அவள் தியேட்டரில் டிக்கெட் வாங்கித்தான் பார்ப்பாள். அது கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்திருக்கிற வீம்பு.

மற்ற இடமெல்லாம் ஒருவழியாக வந்தது. ஒரே ஒரு இடம் வரவில்லை. மழையில் மகள் வாசலில் வந்து நிற்கிறாள். கிழவர் கதவைத் திறக்கிறார். பேச வேண்டியது, "உள்ள வா. கால் நனையுது பாரு." அவ்வளவுதான்.

"உள்ள்ள... வா... கால்... நனையுது... பாரும்மா..." என்று கிளி தழுதழுத்தான்.

சம்மந்தி தலையை இடவலமாக ஆட்டினார்.

"கொஞ்சம் கம்மியா பண்ணவா அண்ணே?"

ஆட்டினார்.

"கோபமா?"

ஆட்டினார்.

"உதடு சரியாவே பிரிய மாட்டேங்குதே அண்ணே, பாதி வாயிலதான் பேசறீங்க. மழைல காதுலயும் விழல. என்னண்ணே பண்ணியிருக்கீங்க இங்க?"

சம்மந்தி எழுந்து அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவனோடு சேர்த்து ஜன்னல் பக்கமாக இழுத்தார்.

"வெளிச்சத்துக்கா அண்ணே?"

ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மறுநாளும் கிளி வந்தான், நாற்காலி இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் போனது. அதற்கு மறுநாள் அவன் முழங்கால் தையல் மிஷினில் இடித்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம், தையலம்மாவுக்கு மூட்டை மூட்டையாகச் சீருடை வேலை. மிஷின் ஓட ஓட, கிளி பக்கத்தில் உட்கார்ந்து கால் நனையுது, கால் நனையுது என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, தையல் கடையா தியேட்டரா? இந்தச் சத்தத்துல அந்த ஆள் எப்படிப் பேசுவான்? நான் வேணா உள்ள போயிடறேன்."

சம்மந்தி குறுக்கே வந்து நின்றார். அவள் கையைப் பிடித்து மறுபடி மிஷின் சக்கரத்தின் மேல் வைத்தார். நீ தை. அவருக்குக் குரல் போனதோடு புத்தியும் கொஞ்சம் போய்விட்டதோ என்று தையலம்மா கவலைப்பட்டாள். மருந்தின் வேலையாக இருக்கும் என்று மகள் சமாதானம் சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானம் கிளி சமையலறை வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அவள் தம்ளரை நீட்டினாள். குடித்துவிட்டும் போகாமல் நின்றான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? நான் அண்ணனைக் கேலி பண்ணணும்னு ஆரம்பிக்கல."

"பின்ன, பூசை பண்றதுக்கா?"

"எங்க அக்கா கல்யாணத்துல எங்கப்பா அழல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, மாட்டினாரு, மறுபடி கழட்டித் துடைச்சாரு. அப்புறம் கொஞ்ச நாள்ல அவரு போயிட்டாரு. சினிமாவுக்குப் போனா, அண்ணன் அதையே பண்றாரு. அதே மாதிரி கழட்டி, அதே மாதிரி துடைச்சு. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தேன். அவரு மாதிரி பேசிப் பாத்தா எங்கப்பா வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் ஃப்ரெண்டுங்க முன்னாடி பேசினேன், சிரிச்சாங்க. சிரிச்சதுல சோறு கிடைச்சுது. அப்புறம் எங்க அண்ணி நிறுத்தறது?"

அந்தக் கண்ணாடி யாரிடமிருந்து எடுத்தது என்று தையலம்மாவுக்கும் தெரியாது. அடுப்பில் இருந்த சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். கோபம் போய்விட்டது என்று அவன் நினைத்துவிடக் கூடாதல்லவா? அதனால்தான் அந்த நங்.

வியாழக்கிழமையும் வந்தது. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. விடிந்தால் வெண்கலக் குரல். கிளிக்குத் தொண்டை கட்டிவிட்டது. சம்மந்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உதறிப் போட்ட சட்டை மாதிரி. அவரை அப்படிப் பார்க்கத் தையலம்மாவுக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவர் நர்ஸுகளுக்கு நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவர்.

"உள்ளே வாம்மா... கால் நனையுதே..." என்று கிளி எத்தனையாவது தடவையாகவோ இழுத்தான்.

மிஷின் நின்றது.

"ஏன் இப்படி ராகம் போடறீங்க?" என்றாள் தையலம்மா, ஊசிகளுக்கு நடுவில். "பொண்ணு வாசல்ல நிக்குது. ஏன் போனே, எங்க இருந்தேன்னு கேக்கத் தோணும். எல்லாம் வாய் வரைக்கும் வரும். கேட்டா அப்படியே திரும்பிப் போயிடும். அதனால கேக்கக் கூடாது. கேக்காம இருக்கறதுதான் அங்க வேலை. அழறது இல்ல."

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மணிக்கட்டு மெத்தையில் குத்தினாள். மூக்கால் ஒரு மூச்சு.

"உள்ள வா. கால் நனையுது பாரு."

கிளி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்ளோதான். இதுக்குப் போய் நாலு நாளா நடுங்கிட்டு" என்று சொல்லிவிட்டு அவள் ஊசிகளை மறுபடி உதட்டில் சொருகிக்கொண்டு மிஷினை மிதித்தாள்.

கிளி போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பிச் சம்மந்தியைப் பார்த்தான். சம்மந்தி நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு, சிலேட்டில் இருந்த தேநீரை எடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கிளி போனை அணைத்துப் பையில் போட்டான். அன்றைக்கு அதை மறுபடி எடுக்கவே இல்லை.

"அண்ணி, இந்த ஜிப் கெட்டுப்போச்சுன்னா முழுசா மாத்தணுமா?"

"மாத்தாம? ஒரு பல்லு போனா போனதுதான்."

"நூல்ல எது நல்லது அண்ணி?"

"உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

தையலம்மாவுக்கு இதுவும் ஒரு கிறுக்குத்தனம் என்றுதான் பட்டது. ஆனாலும் தன் தொழிலைப் பற்றி ஒருத்தன் மெனக்கெட்டுக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? நூலைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையில் கல்லைப் போட்டுக் கிழிப்பதைச் சொன்னாள். அரசர் வேஷக்காரன் குனிந்தபோது பின்பக்கம் பிரிந்ததையும், மேடை ஓரத்திலிருந்தே அவள் ஊசி குத்தியதையும், அவன் கத்திய கத்தலை வீர முழக்கம் என்று ஜனங்கள் நினைத்ததையும் சொன்னாள். விளக்கு போடுகிற வரை கிளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

மறுநாள் காலை மகளுக்கு வேலை. சூப் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கூடப் போக ஆள் இல்லாமல் தையலம்மா கிளம்பினாள். டப்பிங் தியேட்டருக்குள் அவள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. மெத்தை மாதிரி கனத்த கதவு. சுவரெல்லாம் துணி. நல்ல துணிதான், தைத்தவன்தான் சரியில்லை, மூலையில் பிசிறு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டுக்காரரும் டைரக்டர் பெண்ணும், அந்தப் பக்கம் ஒரே ஒரு மைக்கும் அதற்கு எதிரே திரையும். ஓரத்து சோபாவில் தயாரிப்பாளரும், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய வெண்கலக் குரலும் உட்கார்ந்திருந்தார்கள். வெண்கலக் குரல் எழுந்து நின்று சம்மந்திக்கு வணக்கம் வைத்தார். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

மைக்குக்கு முன்னால் கிளி மட்டும் நிற்கவில்லை. சம்மந்தியும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றார். ஒரு கையைக் கிளியின் தோளில் வைத்தார்.

"சார் எதுக்கு?" என்றார் தயாரிப்பாளர்.

"மூச்சு அண்ணனோடது சார், பேச்சு என்னோடது" என்றான் கிளி. "மூச்சை நான் எங்க போய் எடுக்க? அது அவர்கிட்டதான் இருக்கு."

சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே சவுண்டுக்காரர் கையைத் தூக்கினார். "ஏதோ உறுமற சத்தம் வருது."

கிளியின் வயிறு. காலையில் பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். தையலம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஃப்ளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றி நீட்டினாள். "குடிங்க தம்பி" என்றாள். தம்பி என்ற வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கிளி குடித்தார். இனிமேல் அவரை 'குடித்தான்' என்று சொல்ல முடியாது, தம்பியாகிவிட்டார்.

மறுபடி சிவப்பு விளக்கு.

தையலம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, டிக்கெட் வாங்காமல், வீம்பை மறந்து, திரையைப் பார்த்தாள். மழை. கதவு திறக்கிறது. நனைந்த பெண் ஒருத்தி தலையைக் குனிந்து நிற்கிறாள். லிஃப்ட் ஆபரேட்டர் கிழவர் அவளைப் பார்க்கிறார். கேட்க வேண்டியதெல்லாம் அவர் வாய் வரைக்கும் வந்து நிற்கிறது, தெரிகிறது. அவர் வலது கை மெதுவாக எழுந்து உதட்டோரத்துக்குப் போனது. அங்கே இல்லாத எதையோ இரண்டு விரலால் எடுத்தது. இடது மணிக்கட்டைத் தொட்டது. மறுபடி உதடு, மறுபடி மணிக்கட்டு.

மைக்கின் முன்னால் சம்மந்தி மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தார். தோளில் இருந்த விரல் லேசாகத் தட்டியது.

"உள்ள வா. கால் நனையுது பாரு."

கடைசி எழுத்துக் காற்றில் போய்விட்டது.

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெண்கலக் குரல் மஃப்ளரை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது வராது சார், நான் கிளம்பறேன்" என்று தயாரிப்பாளரிடம் சொன்னார். டைரக்டர் பெண் அழுகையும் சிரிப்புமாகத் தையலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலம்மா. உதட்டைத் தொட்டுட்டு அப்புறம் மணிக்கட்டைத் தொடறாரே, அது என்ன? இல்லாத வாட்ச்சைப் பாக்கறார்னு நினைச்சேன். எவ்ளோ கேட்டும் சொல்லல. உங்களுக்குத் தெரியுமா?"

தையலம்மா திரையைப் பார்த்தாள். படம் அங்கேயே நின்றிருந்தது. புருஷன் முகத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மகள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சிநேகிதி வீட்டில் போய் இருந்துவிட்டு வந்த அன்று, அவள் கதவைத் திறந்து நின்ற அதே மாதிரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை இவரிடம் சொல்லுவதற்கு முன்னால் நின்ற அதே மாதிரி. எடுக்க என்ன இருக்கு என்று கேட்டவர், சல்லடை போட்டு எடுத்து, எல்லாவற்றிலும் பெரிய வேஷத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். அவளுக்குப் பெருமையும் வந்தது, அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது.

"யாருக்குத் தெரியும்?" என்றாள். "ஊர்ல எத்தனையோ பேர்கிட்ட எடுத்து வெச்சிருக்காரு."

கனத்த கதவைத் திறந்துகொண்டு சம்மந்தி வெளியே வந்தார். பின்னால் வந்த கிளி அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று சுவர்த்துணியின் பிசிறில் ஆர்வம் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள் தையலம்மா மெதுவாக. "எடுக்க என்ன இருக்குன்னு கேட்டீங்களே, அன்னைக்கு?"

சம்மந்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வலது கையை உதட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு ஊசியை எடுத்தார். அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்து அதில் குத்தி வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுத்து, வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"கேட்டுடுச்சு" என்றாள் தையலம்மா.